பித்தளைக் குழாயும் ரெண்டு பால்வண்ணனும்

பால்வண்ணன் ரெண்டாப் பிரிஞ்சு, அதுல ஒருத்தன் என் தையக்கடை வாசப்படியில வந்து நின்ன வருசம், எங்க மேலூத்துல சாரல் ஆனி பிறந்ததுமே பிடிச்சுக்கிட்டது; துணி காயல, நூல் நமுத்துப்போச்சு, மிஷின் பெல்ட் வழுக்குச்சு, போதாததுக்கு இந்த மனுசன் வேற என் படியில நனைஞ்சுக்கிட்டு நிக்கான். நிஜப் பால்வண்ணன் எதுத்த சாரியில அவன் பாத்திரக்கடைக்குள்ள நனையாமத்தான் இருந்தான். ஆனா வெளிய நிக்கவன் நனைஞ்சா உள்ள இருக்கவன் சட்டையும் ஈரமாகும், அவ்வளவுதான், அதுக்கு மேல அதுல பெருசா ஒண்ணும் கிடையாது.

எங்க பஜாரைப் பத்தி முதல்லயே சொல்லிருதேன். புளி, மிளகா வத்தல், பாத்திரம், பருத்திக்கொட்டைன்னு ரெண்டு சாரியும் கடைதான். இங்க யாரும் யாரையும் நம்புனது கிடையாது. கூடப்பிறந்தவன் வந்து கால் கிலோ புளி கேட்டாலும் தராசை அவன் கண்ணுக்கு நேரா காட்டிட்டுத்தான் பொட்டலம் கட்டுவாவ. வாங்குதவனும் அண்ணன்தானேன்னு விடமாட்டான், குனிஞ்சு மூக்கைப் பாப்பான். மேசைத் தராசுல நடுவுல ரெண்டு பித்தளை மூக்கு இருக்கும், ஒண்ணை ஒண்ணு பாத்தமாதிரி. ரெண்டும் சேர்ந்து நின்னா எடை சரி, ஒரு நூல் விலகி நின்னாலும் கள்ளம். பிறந்ததுல இருந்து அதையே பாத்துப் பாத்து எங்க ஆளுக கண்ணே அப்படி ஆகிப்போச்சு. எதைப் பாத்தாலும் விலகியிருக்கான்னுதான் முதல்ல பாப்பாவ.

ஆடி மாசம் பாத்திரக்கடையில பழைய பித்தளையை எடைக்கு எடுத்துக்கிட்டு எவர்சில்வர் மாத்திக் குடுப்பாவ. அந்த ஆடியில பால்வண்ணன் கடை முன்னால ஒடைஞ்ச குத்துவிளக்கு, நசுங்கின கூஜா, காதில்லாத அண்டான்னு குவிஞ்சு கிடந்ததுக்குள்ள இந்தக் குழாயும் கிடந்தது. யார் கொண்டாந்து போட்டாவன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தலப்பா கட்டின கிழவன்னு ஒருத்தர், மொட்டை அடிச்ச பொம்பளைன்னு ஒருத்தர், ஆளே வரலை, சாக்கு தானா வந்து இறங்கிச்சுன்னு ஒருத்தர். உள்ளங்கை நீளம், நல்ல கனம். ஒரு முனையில கண்ணு வைக்க வாகா சின்னக் கண்ணாடி, மறுமுனையில ரெண்டு தடிச்ச கண்ணாடித் துண்டை ஆப்பு ஆப்பா செதுக்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தது, நடுவுல திருகுத மாதிரி பல்லு வச்ச வளையம், அதைச் சுத்தித் தேஞ்சுபோன எண்கள்.

இது என்னன்னு பஜாரே கூடிட்டது. போட்டோ ஸ்டுடியோக்காரர் கேமராவுல உள்ளதுன்னாரு, கேமராவுல எங்கன்னு கேட்டா முழிக்காரு. மருந்துக்கடைக்காரர் கண்ணாஸ்பத்திரியில இப்படி ஒண்ணு வச்சுத்தான் என் கண்ணைக் கெடுத்தாவன்னாரு. டூரிங் டாக்கீஸ்ல படம் ஓட்டுனவரோட மருமகன், படப்பொட்டி லென்சு இவ்வளவு சின்னதா இருக்காது, இது வேற எதுக்கோ, நமக்குத் தெரியக்கூடாதுன்னுதான் எண்களையெல்லாம் அழிச்சிருக்கான்னு சொன்னான். அவ்வளவுதான், எல்லாரும் ரெண்டடி பின்னால போய்ட்டாவ. ஒருத்தர் வெடிக்குமான்னு கேட்டாரு. இன்னொருத்தர் கேட்டவரையே சந்தேகமாப் பாத்தாரு.

அப்பதான் பால்வண்ணன் பெண்டாட்டி உலகம்மாள், நாங்க உலகுன்னு கூப்பிடுதது, பால்குடிப் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு உள்ளேயிருந்து வந்தா. கடைக்குப் பின்கட்டுதான் வீடு. "ஏட்டி உலகு, நீ பாரு, உனக்காவது என்னமும் தெரியுதா"ன்னு அவன்தான் சிரிச்சுக்கிட்டே எடுத்துக் குடுத்தான். அவ முந்தானையில துடைச்சு, கண்ணுல வச்சு, கல்லாவுல உக்காந்திருந்த புருசனைப் பாத்தா.

பால்வண்ணன் ரெண்டு பேரானான். ஒருத்தன் கல்லாவுல இருந்தான். இன்னொருத்தன் அதே சட்டை, அதே விபூதி, காதுல அதே பென்சிலோட தெருவைத் தாண்டி என் கடைப் படிக்கு மேல, அடியில ஒண்ணும் இல்லாம உக்காந்திருந்தான். உலகு குழாயைக் கண்ணுல இருந்து எடுத்த பிறகும் அவன் போகல. நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வச்சுக்கிட்டிருந்தேன். "எப்பா, கொஞ்சம் தள்ளி உக்காரு, வெளிச்சம் மறைக்கு"ன்னேன். அவன் தள்ளல. எதுத்தாப்பல இருக்கவன் எந்திரிச்சாத்தான் இவனும் எந்திரிப்பான், அங்க பேசுனா இங்க வாய் அசையும், சத்தம் மட்டும் வராது.

பிறகென்ன, குழாய் கை மாறி கை மாறிப் போச்சு. யாரை யார் பாத்தாலும் பாக்கப்பட்ட ஆளு ரெண்டாகி, ரெண்டாவது ஆளு ஒரு தூரம் தள்ளி நின்னான். சிலருக்கு விரக்கடை, சிலருக்கு முழம், சிலருக்குத் தெரு அகலம். அப்புறம் வேற ஒருத்தர் பாத்தா தூரம் மாறும், கடைசியாப் பாத்தவங்க கணக்குத்தான் நிக்கும். பாய் விக்க வந்த பத்தமடைக்காரரை எங்க ஊரே வரிசையா நின்னு பாத்தது, மனுசன் ஒத்தையாவே நின்னாரு. வியாபாரிகள் சங்கத் தலைவர் தெய்வநாயகம் அண்ணாச்சி அதுக்கு மேல. அவரைப் பெண்டாட்டி பாத்தா, ஒத்தை. மகன் பாத்தான், ஒத்தை. பெத்த தாய் நடுங்குத கையில குழாயைப் பிடிச்சுப் பாத்தா, அப்பவும் ஒத்தை.

அண்ணாச்சி தொண்டையைச் செருமுனாரு. "இதுல என்னவே உங்களுக்குப் புரியல? மூக்கு ரெண்டும் சேர்ந்து நின்னா எடை சரி, விலகி நின்னா கள்ளம். இது ஆளை நிறுக்குத தராசுவே. எந்த ராசாவோ செஞ்சு வச்சிருக்கான்"ன்னாரு.

பஜாருல ஒரு ஈ காக்கா மறுத்துப் பேசல. இதுக்கு மேல தெளிவா யாரு சொல்ல முடியும்னு எல்லாருக்கும் பட்டது. கள்ளம் எத்தனை முழம்னு கண்ணால பாக்க ஒரு சாமான் கிடைச்சா எங்க ஊரு விடுமா?

ரெண்டாவது ஆளுகளோட ஊரு சீக்கிரமே பழகிட்டது. பந்தியில ரெட்டை ஆளுக்குப் பக்கத்து இலையைக் காலியா விட்டாவ. ஒருத்தர் வாசல்ல இன்னொருத்தர் வீட்டு ரெண்டாவது ஆளு நின்னா, கோலம் போடுத பொம்பளையாளுக அவன் காலைச் சுத்திப் போடப் பழகிக்கிட்டாவ. மினிபஸ்ஸுல பால்வண்ணன் ஏறுனா, அவன் ஆளு ரோட்டுக்கு அந்தப் பக்கம் வயக்காட்டு மேல, கம்பியைப் பிடிச்ச மாதிரி நின்னுக்கிட்டே வருவான். கண்டக்டர் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, அவனுக்கும் டிக்கெட் எடுக்கணும்னு ஒருநாள் சண்டை, உள்ள ஏறாதவனுக்கு எப்படிப் போடுவன்னு பஸ்ஸே சேர்ந்து சண்டை, கடைசியில லக்கேஜ்னு வச்சுக்கிட்டாவ. எனக்கு வந்த தொல்லையைக் கேளுங்க. அவன் எதுத்தாப்பல முடி வெட்டிக்கிட்டா இவன் முடி என் படியில விழும். தைச்ச துணிக்கு மேல விழுந்த முடியை நான்தானே தட்டணும்?

தொல்லை முடியோட நின்னுச்சா? அண்ணன் தம்பி ஒரே தட்டுல தின்னவங்க, ஒருத்தனை ஒருத்தன் குழாயில பாத்து, ஆத்தாடி இம்புட்டுத் தூரமான்னு மலைச்சு, கடைக்கு நடுவுல செவரு எழுப்புனாவ. தாயைப் பாத்த மகன் பீரோச் சாவியைக் கேட்டு வாங்கிட்டான். பாய் விக்க வந்தவரு ஒத்தையாச்சே, அவரை நம்பி வீட்டுச் சாவியைக் குடுத்துட்டு ஒரு குடும்பமே குத்தாலத்துக்குக் குளிக்கப் போச்சு. பாவம், அந்த ஆளு சாவியைக் கையில வச்சுக்கிட்டு முழிச்சாரு. சொந்தம்னு இருந்தவன் எல்லாம் கள்ளன், வழியில போறவன் எல்லாம் யோக்கியன்.

ஊர்லயே பெரிய தூரம் பால்வண்ணனுக்குத்தான். சங்கத்துல இருந்து வந்து, இவன் கை இனிமே எடை போடக் கூடாதுன்னு தராசைத் தூக்கிட்டுப் போய்ட்டாவ. அவன் ஆளு என் வாசல்ல நிக்கானா, அடுத்த பேச்சு எங்க போகும்னு தெரியாதா? உலகு தெருவைத் தாண்டி வந்து என் முன்னால நின்னா. மூக்கு விடைச்சிருந்தது.

"யக்கா, ஊர்ல இத்தனை வாசல் இருக்க உங்க வாசல்ல வந்து நிக்க அவருக்கு என்ன வேலை?"

"ஏட்டி, எனக்கு வயசு ஐம்பத்தி ரெண்டு. ரெண்டு முட்டும் தேஞ்சு கிடக்கு. எதுத்தாப்பல என் கடை இருக்கு, அதான் நிக்கான். எதுத்தாப்பல கிணறு இருந்தா கிணத்துல நிப்பான். போடி, போக்கத்தவளே!"

போனா. ஆனா மனசு ஆறல அவளுக்கு. நான் சொல்லுதேன், அவன் முகத்தைப் பக்கத்துல வச்சுப் பாத்தவ நான் ஒருத்திதான். கடையில நின்னு அவன் எந்தப் பக்கம் பாக்கானோ அந்தப் பக்கம்தானே இவனும் பாப்பான்? நாள் பூராவும் பின்கட்டுப் பக்கம்தான் அந்தக் கண்ணு. அவ பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுனா இவன் வாயி கூடவே முணுமுணுக்கும். அவ சாப்பிட்டாளான்னு கேக்காம அவன் சோத்துல கை வைக்க மாட்டான். இதை நான் அவகிட்டச் சொல்லப்போனா, அவனை அவ்வளவு உத்துப் பாத்தியளோன்னு அதுக்கும் ஒரு சண்டை வரும்னு வாயை மூடிக்கிட்டேன்.

ஆடி வெள்ளியன்னைக்கு இசக்கியம்மன் கோயில் வாசல்ல வச்சு உலகு அவனைச் சத்தியம் கேட்டா. எங்க பக்கத்துல கற்பூரத்தைக் கொளுத்தி வச்சு, உள்ளங்கையால அடிச்சு அணைச்சுட்டா அதுக்கு மேல பேச்சு கிடையாது, கொலை வழக்கே அதோட முடிஞ்சிரும். பால்வண்ணன் எரியுத கற்பூரத்துல பட்டுன்னு கையை வச்சான். எதுத்த பூக்கடை ஓரத்துல அவன் ஆளும் வெறுந்தரையில கையை வச்சான். ரெண்டு பேர் கையும் கொப்பளிச்சது.

"இப்ப நம்புதியா உலகு?"

ஊரைச் சுத்திட்டு அவகிட்டயே வந்து சேர்ந்த குழாயை அவ இடுப்புல செருகி வச்சிருந்தா, அதை எடுத்துக் கண்ணுல வச்சா. கோயில் வாசல்ல நின்ன பொம்பளைகள்ல ஒருத்தி "ஐயோ"ன்னா. பால்வண்ணன் கையை உதறிட்டு வீட்டுக்கு நடந்தான்.

அடுத்த நாள் காலையில பாக்கேன், அவன் ஆளு என் படியில இல்ல, ஒரு அடி இறங்கித் தெருவுல நிக்கான். பஜாருக்கே சந்தோசம். கற்பூரம் வேலை செய்யுதுன்னாவ. உலகுக்குத் தலைகால் புரியல. அன்னையில இருந்து பிடிச்சா பாருங்க. யாரு போன்ல, ஏன் சிரிச்சிய, அந்தப் பச்சைச் சேலைக்காரி குடத்துக்கு வந்தாளா உங்களுக்கு வந்தாளா, சட்டையில இது என்ன வாசம்? குழாயைத் திரும்பக் கண்ணுல வைக்காமலே, ஒவ்வொரு கேள்விக்கும் அவன் ஆளு கொஞ்சம் கொஞ்சமா உள்ள நகர்ந்தான். நடுத்தெருவுக்கு வந்தான், சாக்கடையைத் தாண்டுனான், கடை வாசலை மிதிச்சான். "கேக்கக் கேக்க உள்ள வாறாருக்கா! நான் விடவே மாட்டேன்"ன்னு தெருவுல இருந்தே எனக்குச் சொல்லுவா. அவ பால்பாயசம் வைக்காத குறைதான். எனக்கு என் படி காலியாச்சேன்னு சந்தோசம் வரணும்ல? வரல. எதுத்தாப்பல அந்த மனுசன் இப்ப பின்கட்டுப் பக்கம் திரும்புததே கிடையாது. சோறு வந்தா திங்கான். கை கழுவுதான்.

ஆவணி பிறந்து அவன் ஆளு ஒரு சாண் தூரத்துல, தோளோட தோளா நிக்கையில, பாப்பா அந்தக் குழாய்க்குக் கையை நீட்டி நீட்டி அழுதிருக்கு. உலகு விளையாட்டாக் கண்ணுல வச்சு மகளைப் பாத்துட்டா. மடியில ஒரு பாப்பா கிடந்தது. இன்னொரு பாப்பா பஜார் முடிஞ்சு, பஸ் ஸ்டாண்டு தாண்டி, குளத்தங்கரை ஆலமரத்துக்குப் பக்கத்துல காத்துல கிடந்து காலை உதைச்சது. அவ்வளவு தூரம் அதுவரைக்கும் யாருக்கும் போனதில்ல. ஊரே ஓடிச்சு. யாரோ அதுக்குக் குடை பிடிச்சாவ, யாரோ கிலுகிலுப்பை ஆட்டுனாவ. தெய்வநாயகம் அண்ணாச்சி வந்து பாத்துட்டு, "அப்பன் கள்ளம் பிள்ளைக்கு இறங்கிருக்கு"ன்னு ஒரே போடாப் போட்டாரு. நான் அவர் மூஞ்சிக்கு நேரா நல்லாக் கேட்டுட்டேன், அதை இங்க எழுத முடியாது.

உலகு அன்னைக்குச் சாயங்காலம் என் கடைக்கு வந்து, மிஷினுக்குப் பக்கத்துல தரையிலயே உக்காந்துட்டா.

"யக்கா, இது இன்னும் ங்கா சொல்லல. என் மாரை விட்டா அதுக்கு உலகமே தெரியாது. இது என்னத்தக்கா பொய் சொல்லியிருக்கும்?"

"சொல்லலட்டி."

"அப்ப இந்தச் சனியன் எதைத்தான் காட்டுது?"

மறுநாள் காலையிலயே திருநெல்வேலிக்கு பஸ் ஏறுனோம். நில அளவைக் கருவி, பைனாகுலர் எல்லாம் ரிப்பேர் பாக்குத கடை ஒண்ணு டவுன்ல இருக்குன்னு ஸ்டுடியோக்காரர் சொன்னாரு. மடியில பாப்பா தூங்குச்சு, ஜன்னல் வழியாப் பாத்தா அந்தப் பாப்பா தூரத்துல கருவேலங்காட்டு மேல தூங்கிக்கிட்டே கூட வந்தது. கிளம்பையில பால்வண்ணனுக்கு ஒரு சாண் பாக்கி இருந்தது. போயிட்டு வாறோம்னு சொன்னதுக்கு அவன் தலையை மட்டும் ஆட்டுனான்.

கடைக்காரர் பேரு கிருபாகரன். குழாயைக் கையில வாங்குனதும் எங்களைத்தான் முதல்ல ஏற இறங்கப் பாத்தாரு. "எங்கேயிருந்து எடுத்திய இதை? பட்டாளத்துச் சாமான்லா?" பழைய பித்தளையில வந்ததுன்னு நான் சத்தியம் பண்ணாத குறை. நம்புன மாதிரி தெரியல, ஆனாலும் விளக்கடியில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"இது முழுச் சாமான் இல்லம்மா. முழுசு ஒரு ஆள் நீளம் இருக்கும், ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு கண்ணாடிக் கண்ணு. இது நடுவுல கண்ணு வைக்கிற துண்டு. பீரங்கி சுடுதவன் எதிரி எவ்வளவு தூரத்துல இருக்கான்னு பாக்கதுக்கு வச்சிருந்தது. ஒரு பொருள் ரெண்டாத் தெரியும். ரெண்டுக்கும் இடையில உள்ளதை வச்சுத் தூரத்தைச் சொல்லிருவான்."

"விலகி நின்னா?" உலகு கேட்டா.

"விரலை மூக்குக்கு நேரா வையும்மா. ஒரு கண்ணை மூடு. இப்ப அதைத் திறந்து மறு கண்ணை மூடு. விரல் துள்ளுதா?"

"ரொம்பத் துள்ளுது."

"கையை நீட்டிக்கிட்டுப் பாரு. கொஞ்சமாத் துள்ளும். அந்தா தெரியுதே கோபுரம், அதைப் பாரு, அசையவே அசையாது. அவ்வளவுதான் விசயம். பக்கத்துல இருக்கது விலகித் தெரியும். தூரமாப் போகப் போக ரெண்டும் நெருங்கிரும். ரொம்பத் தூரத்துல இருந்தா ஒண்ணாவே ஆயிரும்."

உலகு விரலை மூக்குக்கு நேரா வச்சு ஒரு கண்ணை மூடித் திறந்தா, மறு கண்ணை மூடித் திறந்தா, திரும்பத் திரும்ப அதையே செஞ்சா, ரெண்டு கண்ணுல இருந்தும் தண்ணி கொட்டுது. கிருபாகரன் பயந்துபோய் ஃபேனைப் போட்டாரு. தெருவைத் தாண்டி வந்து என் படியில நின்னானே அந்தப் பய, அந்தத் தூரம் அத்தனையும் அவன் இவகிட்ட நெருங்கி இருந்த நெருக்கமா? இதையா நாங்க ஊரு கூடி விரட்டி விரட்டி உள்ள தள்ளுனோம்?

"யக்கா, ஒரு சாண் இருக்குல்லா? இன்னும் ஒரு சாண் இருக்குல்லா?" பஸ்ஸுல வழி நெடுக இதேதான். டிரைவரைச் சீக்கிரம் போகச் சொல்லுங்கக்கான்னு என் கையைப் பிடிச்சுக் கசக்குதா. இசக்கிக்கு நேர்ந்தா, சாஸ்தாவுக்கு நேர்ந்தா, ஒரு விரக்கடை இருந்தாக்கூடப் போதும், மெள்ளப் பிடிச்சு இழுத்துருவேன்னு பிள்ளைகிட்டச் சொன்னா. நானும் உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டுத்தான் இருந்தேன்.

மேலூத்துல இறங்கும்போதே வெடிச் சத்தம். பஜார் பூரா காகிதத் தூளு. பாத்திரக்கடை முன்னால கூட்டம், சங்கத்துக்காரங்க தராசைத் திருப்பித் தூக்கிட்டு வந்து மேசையில வச்சிருக்காவ, தெய்வநாயகம் அண்ணாச்சி பால்வண்ணன் கழுத்துல மாலை போட்டு நிக்காரு. பால்வண்ணன் ஒத்தையா நின்னான். தோள் ஓரத்துல ஒரு நிழல்கூட மிச்சம் இல்ல.

"உலகு, உன் புருசன் சுத்தமாயிட்டான்! மத்தியானம் ஒண்ணாச் சேர்ந்துட்டது"ன்னு எல்லாரும் அவளைச் சூழ்ந்துக்கிட்டாவ. ஒருத்தி அவ வாயில சீனியைப் போட்டா. நான் கத்துனேன், "கூறுகெட்ட மூதியளா, அது தூரம் பாக்குத சாமான், சேர்ந்து நின்னா ஆளு போயிட்டான்னு அர்த்தம்!" வெடிச் சத்தத்துல பாதி பேருக்குக் கேக்கல. கேட்டவங்க என்னைத்தான் ஒருமாதிரிப் பாத்தாவ. "இவ வாசலை விட்டு அவன் போன வயித்தெரிச்சல்"னு ஒருத்தி பக்கத்துல இருந்தவ காதுல சொன்னா. அண்ணாச்சி சிரிச்சாரு. "ஒண்ணா நிக்கது தப்பா செண்பகம்? நீங்க போய் ஜாக்கெட்டைத் தைங்க"ன்னாரு.

கூட்டம் கலையுத வரைக்கும் உலகு ஓரமா நின்னா. பிறகு பிள்ளையை என்கிட்ட நீட்டிட்டுக் கடைக்குள்ள போனா. பையில குழாய் இருந்தது, அதை அவ வெளியே எடுக்கல. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பால்வண்ணன் மாலையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத் திரும்புனான். அவளைப் பாத்தான். முகத்துல கோவம் இருந்திருந்தா நான் இசக்கிக்குத் தேங்கா உடைச்சிருப்பேன். கோவம் இல்ல. கடைக்கு யார் வந்தாலும் அவன் சிரிக்க ஒரு சிரிப்பு உண்டு, அதைச் சிரிச்சான். வாடிக்கைக்குப் போடுத ஸ்டூலை இழுத்து, துண்டால தட்டி, "வாங்கம்மா, உக்காருங்க. என்ன பாக்குதிய?"ன்னு கேட்டான்.

அவ அழுது பொரள்வான்னுதான் நினைச்சேன். உலகு அந்த ஸ்டூல்ல உக்காந்தா. சேலையைச் சரி பண்ணிக்கிட்டா. முதல் தடவை கடைக்கு வந்த பொம்பளை மாதிரி சுத்திமுத்தும் பாத்துட்டு, "ஒரு தூக்குச்சட்டி வேணும். சின்னது"ன்னு சொன்னா.

அவன் எடுத்துக் காட்டுனான். அவ மூடியைத் திறந்து பாத்து, மூடி, வேற இருக்கான்னு கேட்டா. அவன் வேற எடுத்தான். அதையும் திறந்து பாத்து, மூடி, இன்னும் கொஞ்சம் பெருசா இருக்குமான்னு கேட்டா. அவன் ஏணியில ஏறுனான். கடை அடைக்கிற நேரம் வரைக்கும் அவ ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டே இருந்தா, அவனும் முகம் சுளிக்காம ஒவ்வொண்ணா இறக்கி வச்சுக்கிட்டே இருந்தான். கடைசியில எந்திரிச்சு, "இன்னைக்கு ஒண்ணும் அமையல, நாளைக்கு வாறேன்"ன்னா.

"வாங்க"ன்னான் பால்வண்ணன்.